விதையாமல் விளையும் தக்காளி

கள்ளக்குறிச்சி வட்டார வீடுகளின் கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவிய நீர் வடியும் இடத்தில், மழைக்குப்பின் தக்காளிச் செடிகள் தாமே தலைகாட்டும். களையென்று அவற்றைப் பிடுங்கி எறிவோர் பலர். எறியுமுன் சற்றே எண்ணுதல் நலம்.

தக்காளி என்னும் பெயர் நம்முடையது. பழமோ தென்னமெரிக்காவினின்று வந்தது. மணத்தக்காளி போன்ற செடிகளுக்கு வழங்கிய பெயரே புதிய பழத்திற்கும் ஏறி, முதலில் 'சீமைத் தக்காளி' என்றாயிற்று. நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது.

வித்தைச் சூழ்ந்த வழுவழுப்பான கூழ், பழத்திற்குள்ளேயே அது முளைத்துவிடாமல் தடுக்கிறது. எறிந்த பழம் மண்ணில் அழுகிப் புளிக்குங்கால் அக்கூழ் கரைய, வித்து முளைக்கிறது. விதை எடுப்போரும் இம்முறையையே கையாள்வர். கூழை ஓரிரு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்துவர்.

நான்கைந்து இலை விட்ட நாற்றை மாலை வேளையில் வேர்மண்ணோடு பெயர்த்து, இரண்டடி இடைவெளியில் நடலாம். தண்டிலும் வேர் பிடிக்குமாதலின் சற்று ஆழமாக நடுதல் நன்று. இலை சுருண்ட செடியை மட்டும் உடனே அகற்றல் வேண்டும். வெள்ளை ஈ அந்நோயை அண்டைச் செடிகளுக்குக் கொண்டுசெல்லும்.

இனி, காய் எவ்வாறு அமையும்? தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆதலின் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 போன்ற இரகத்தின் வித்து தாயைப் போலவே காய்க்கும். வீரிய ஒட்டு இரகத்தின் வித்தோ அவ்வாறன்று. ஒரு செடி பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் காய்க்கக்கூடும். அதனால் ஒட்டு இரகம் பயிரிடுவோர் பருவந்தோறும் விதையை விலைகொடுத்தே வாங்குகின்றனர்.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைவிப்போர், அறுவடையில் ஒரு பகுதியை மறுவிதைப்புக்கென எடுத்துவைப்பது வழிவழி வந்த வழக்கம். விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும், விதைக்கவும், பிறர்க்குப் பகிரவும் உழவர்க்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் ஏற்றுள்ளது. ஆயினும் தாயைப் போல விளையாத வித்தைச் சேமிப்பதால் பயன் குறைவு. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, வித்திலும் இருத்தல் வேண்டும்.

கொல்லையில் முளைத்த செடி நமக்கு இதனைக் காசின்றிக் காட்டித் தருகிறது. அதனைக் காய்க்கவிடுங்கள். நோயின்றி நன்கு காய்த்த செடியின் பழத்திலிருந்து விதை எடுத்து, அடுத்த பருவத்தில் விதைத்துப் பாருங்கள். தாயைப் போலக் காய்த்தால், அவ்விதை உங்களுடையதாகிவிடும்.