இட்லிப்பூச் செடியில் பச்சைச் செதில்

இட்லிப்பூ, காபி, எலுமிச்சை போன்ற பசுமை மாறாச் செடிகளில் இலையடி நடுநரம்பை ஒட்டி வரிசைகட்டியிருக்கும் பச்சைச் செதில் பூச்சி, எளிதில் கண்ணில் படாது. நீளம் சுமார் 3 மி.மீ.; தட்டையான வெளிர்பச்சை உடல், முதுகில் கறுப்பாக ஒரு வளைவு. ஆண் பூச்சி அபூர்வம். பெண் இணை சேராமலே பெருகும். முட்டை தாயின் அடியிலேயே பொரிந்து, குஞ்சுகள் இளந்தளிர் தேடி ஊர்ந்து, வாயூசியைச் செருகி உட்கார்ந்துவிடும்.

செடிக்காரர் கவனிப்பது பூச்சியை அல்ல, கறுத்த இலையைத்தான். பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்கிறது. அந்த இனிப்புக்காகவே எறும்புகள் காவல் நின்று, செதிலைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன. ஆகவே மருந்துக்கு முன் எறும்பைத் தடுக்க வேண்டும்: தண்டில் துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவி, சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் வீண்.

1898இல் காபியின் பச்சைச் செதிலை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலீமஸ் வண்டு இந்தியாவுக்கு வந்தது. அது மாவுப்பூச்சியின் பக்கம் போய்விட்டது. மாவுப்பூச்சியை ஒழிக்கவே அதை இன்றும் வளர்த்து விற்கிறார்கள். செதிலுக்கு நல்ல எதிரி, ஈரத்தில் பரவும் லெக்கானிசிலியம் என்னும் வெண்பூஞ்சை. நெல்லியாம்பதி, அடிமாலி போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையே அதற்குத் துணை. இறந்த செதிலைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அந்த இலைகளைப் பறிக்காமல் விடுவது நல்லது.

மழை மறைவில் கிடக்கும் மறையூரிலும், வறண்ட கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் பூஞ்சையை நம்பி உட்கார முடியாது. மோசமான கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்து இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். வீட்டில் நாலைந்து செடிதான் என்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 20 மி.லி., கொஞ்சம் சோப்பும் சேர்த்து. எதுவானாலும் முதலில் ஒரு கிளையில் தெளித்துப் பார்த்து, வெயில் தாழ்ந்தபின் மற்றதற்குத் தெளிக்க வேண்டும். பிறகு வரும் குஞ்சுகளுக்காக இரண்டு வாரத்தில் மறுமுறை. கரும்பூசணத்துக்குக் கஞ்சித் தண்ணீரைத் தெளித்தால், காய்ந்ததும் கறுப்பு பொருக்காக உரிந்துவிடும்.

செத்த செதில் இலையிலேயே ஒட்டிக் கிடப்பதால் மருந்து பலிக்கவில்லை என்று தோன்றும். நகத்தால் நசுக்கினால் ஈரம் கசிவது உயிருள்ளது, பொடியாவது செத்தது.