உப்பும் மீனும் உறவானால்...



"ஒரு நாவல்ல வர்ற பாத்திரத்தை இன்னொரு நாவல் பாத்திரத்தோட சிநேகமாக்கிப் பார்க்கலாமா? அது எழுதினவருக்குச் செய்யுற துரோகம் இல்லையா?" என்று எதிரணியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வேலையை முதலில் ஆரம்பித்தது நாம் இல்லை ஐயா!

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் நேருக்கு நேர் பேசுகிற காட்சி உண்டா? கிடையாது. நம்ம தெருவில் அப்படி ரெண்டு பேர் சந்தித்தால் குழாயடிக்கே போலீஸ் வரவேண்டியிருக்கும்! (சிரிப்பு) மணிமேகலையில் சாத்தனார் என்ன செய்தார்? மாதவி தன் தோழி வயந்தமாலையிடம், மணிமேகலையைப் பத்தினியின் மகள் என்றே சொல்கிறாள். அந்த மகளும் வஞ்சிக்குப் போய்க் கண்ணகி கோயிலில் கைகூப்பி நிற்கிறாள். கண்ணகித் தெய்வம் அவளிடம் பேசுகிறது. இளங்கோவின் காப்பியத்தில் சந்திக்காதவர்கள் சாத்தனார் காப்பியத்தில் தாய் மகளாகிவிட்டார்கள்.

ஆனால் இதற்கு இரண்டு நியதி உண்டு. ஒன்று, பாத்திரத்தின் குணத்தை மாற்றக்கூடாது. இரண்டு, ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்பட வேண்டும். தேவை இல்லாத இடத்தில் நட்பு ஏது?

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபக்கம் உப்பளம், மறுபக்கம் மீனவர் குப்பம். சிறுபாணாற்றுப்படை பாடுகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம் பக்கம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். அங்கே வருகிற பாணனுக்குச் சுட்ட குழல்மீன் கருவாடு கிடைக்குமாம். அதே பாட்டில் கொற்கைப் பக்கம் உப்பு வண்டி கட்டிப் போகிற உமணரும் வருகிறார்கள். உப்பு இல்லாமல் கருவாடு ஏது?

இப்போது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலுக்கு வாருங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் பிழைக்க வந்த பொன்னாச்சி. இன்னொரு பக்கம், தகழி 1956இல் எழுதிய 'செம்மீன்', சுந்தர ராமசாமி தமிழாக்கியது. அதில் ஆலப்புழைக் கடற்கரையின் கருத்தம்மா. இருவரையும் இந்தக் கரையில் குடிவையுங்கள். கருவாட்டுக்கு உப்பு கேட்டு கருத்தம்மா வருகிறாள். பொன்னாச்சி கூடையை இறக்கி வைக்கிறாள். சிநேகம் தானாக வந்துவிடும்!

கருத்தம்மாவின் துயரம் என்ன? கடலுக்குப் போனவன் உயிர் கரையில் இருப்பவளின் கற்பில் இருக்கிறது என்று அவளைச் சுற்றி எல்லோரும் நம்புகிறார்கள். பெற்ற தாயும் அதைத்தான் சொல்லி எச்சரிக்கிறாள். அவளைப் பற்றி ஊர் பேசிய பேச்சால், கணவன் பழனியைக் கூடத் தொழிலுக்குச் சேர்க்க மறுக்கிறார்கள். அந்தக் கரையில் வேறு மாதிரி பேச ஒரு நாக்கு இல்லை.

பொன்னாச்சி இருந்திருந்தால் கேட்டிருப்பாள்: "ஏம்மா, கடல்ல போறவனுக்கு உன் கற்பு காவல்னா, உப்புத் தண்ணியில கால் வெடிச்சு நிக்கிற எங்களுக்கு யாரு கற்பு காவல்?" (கைதட்டல்)

இந்த ஒரு கேள்வியால் 'செம்மீன்' முடிவு மாறிவிடுமா? மாறாது. சுறா வரும், பழனி திரும்ப மாட்டான். ஆனால் "எல்லாம் என்னால்தான்" என்கிற பாரத்தில் பாதியையாவது அவள் இறக்கி வைத்திருப்பாள். தகழி அவளுக்குத் தோழியைக் கொடுக்காதது குறை இல்லை. கொடுத்திருந்தால் அந்தத் தனிமை நமக்கு உறைத்திருக்காது. அந்தத் தோழியைத் தேடும்போதுதான் அவளுக்கு என்ன இல்லை என்பது நமக்குப் புரிகிறது. இது எழுதினவருக்குத் துரோகமா ஐயா? அவரை இன்னும் ஆழமாகப் படிப்பது இல்லையா?

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். பழிச்சொல்லைத் தனியாகச் சுமக்கிற கருத்தம்மா நாவலில் மட்டும் இல்லை. உங்கள் தெருவிலும் இருப்பாள். அவளுக்குப் பொன்னாச்சியைத் தேடி நாவலுக்குப் போக வேண்டாம். கொஞ்சம் உப்பு கேட்கிற சாக்கில் நீங்களே அந்தக் கதவைத் தட்டலாம்.