பழைய சேவையகங்களை முகிலின் கீழ்க் கொண்டுவருதல்

ஒரு நிறுவனத்தில் கோப்புகள், மின்னஞ்சல், இணையத்தளம் போன்றவற்றைப் பலருக்கும் வழங்கும் கணினி சேவையகம் எனப்படும். கையால் தொடக்கூடிய பெட்டியாக இருப்பது பௌதிகச் சேவையகம் ஆகும். அப்பெட்டியின் முறைவழியாக்கியையும் நினைவகத்தையும் வன்தட்டையும் மென்பொருளினால் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போல இயங்கச் செய்தால் அது மெய்நிகர்ச் சேவையகம் ஆகும். இப்பங்கீட்டைச் செய்யும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். லினக்ஸ் பணிசெயல் முறைமையில் 2007 இலிருந்து உள்ளடங்கியுள்ள கே.வி.எம். இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

பங்கீட்டை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்வோம். ஒரு பெட்டியில் 128 ஜிகாபைற்று நினைவகம் உள்ளது. ஒவ்வொரு மெய்நிகர்ச் சேவையகத்திற்கும் 16 ஜிகாபைற்று வேண்டும். எத்தனை அமைக்கலாம்? 8 என்று உடனே எழுதிவிடுவோம். ஆனால் பெட்டியின் சொந்தப் பணிசெயல் முறைமைக்கும் ஹைப்பர்வைசருக்கும் நினைவகம் தேவை. எனவே 7 என்பதே பாதுகாப்பான விடை. முறைவழியாக்கியை நேரத்தால் பங்கிட்டு இருப்பதிலும் கூடுதலாக வழங்க முடியும். நினைவகத்தில் அவ்வளவு தாராளமாக நடக்க முடியாது.

பெட்டிகள் ஐந்தாறு என்றால் ஒருவரே கவனித்துக்கொள்வார். ஆயிரக்கணக்கில் பெருகும்போது என்ன செய்வது? இங்குதான் முகில் உட்கட்டமைப்பு மென்பொருள் தேவைப்படுகிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ரக்ஸ்பேஸ் கம்பனியும் 2010 இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டக் இவ்வகையானது. திறந்த மூல மென்பொருள். இதில் நோவா என்னும் பகுதி சேவையகங்களை உருவாக்கும். கிளான்ஸ் வட்டு விம்பங்களைச் சேமிக்கும். சிண்டர் சேமிப்பகத்தையும் நியூட்ரன் வலையமைப்பையும் கவனிக்கும். கீஸ்டோன் யாருக்கு எந்த உரிமை என்பதைச் சரிபார்க்கும். பௌதிகப் பெட்டிகளுக்குப் பொறுப்பானது அயர்னிக்.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுகூடத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உலகளாவிய வலை 1989 இல் முன்மொழியப்பட்டது அங்குதான். 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அதன் துணிக்கை மோதுகருவி வெளியிடும் தரவைக் கையாளச் சேவையகங்கள் பெருகவேண்டியிருந்தன; ஆனால் அவற்றைக் கவனிக்கும் ஊழியர் தொகை அதற்கேற்ப உயரப் போவதில்லை. 2013 யூலையில் செர்ன் ஓப்பன்ஸ்டக்கை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் 300,000 இற்கு மேற்பட்ட முறைவழியாக்கிக் கருக்கள் அதன் கீழ் வந்தன. முகில் என்றவுடன் வாடகைக்குப் பெறும் இடம் என்றே பலர் எண்ணுகின்றனர். செர்ன் அமைத்ததோ தன் சொந்தப் பெட்டிகளில். இது தனியார் முகில் எனப்படும்.

புதிய பெட்டியை முகிலில் சேர்ப்பது எளிது. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் பெட்டியைச் சேர்ப்பதுதான் கடினம். காரணத்தைப் படிமுறையாக நோக்குவோம்.

பௌதிகச் சேவையகத்தின் தாய்ப்பலகையில் மேலாண்மைக்கென ஒரு சிறிய கட்டுப்படுத்தி உண்டு. பிரதான கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் இது விழித்திருக்கும். வலையமைப்பினூடாக இதற்குக் கட்டளையிட்டுப் பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் முடியும். அயர்னிக் இதன் முகவரியையும் கடவுச்சொல்லையும் பெற்றதும் பெட்டி "நிருவகிக்கத்தக்கது" என்ற நிலையை அடைகிறது. அடுத்ததாக "கிடைக்கத்தக்கது" என்ற நிலைக்குச் செல்லவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் சுத்திகரிப்பு என்றொரு படி உண்டு. முன்னைய பயனரின் தரவு அடுத்தவரிடம் போய்ச் சேராதிருக்க, வன்தட்டுகள் அழிக்கப்படுகின்றன. இயல்பிருப்பாகவே இது நடைபெறும். எவரும் கட்டளையிடத் தேவையில்லை.

புதிய பெட்டிக்கு இது நல்ல ஏற்பாடு. பத்தாண்டுச் சம்பளப் பதிவேடு உள்ள பெட்டியை அதே வழியில் அனுப்பினால் என்ன நேரும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதற்கெனவே அயர்னிக்கில் "சுவீகரித்தல்" என்ற செயன்முறை வைக்கப்பட்டுள்ளது. இதில் "நிருவகிக்கத்தக்கது" என்ற நிலையிலிருந்து "செயற்பாட்டில் உள்ளது" என்ற நிலைக்குப் பெட்டி நேரடியாகச் செல்கிறது. சுத்திகரிப்பும் இல்லை, புதிதாக நிறுவுதலும் இல்லை. வன்தட்டு தொடப்படாது; ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் தடைப்படாது. முகிலின் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி கூடுகிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவீகரித்த பின் அப்பெட்டி மற்றப் பெட்டிகளைப் போன்றதே. பின்னொரு நாள் யாராவது அதை "விடுவி" என்று கட்டளையிட்டால் சுத்திகரிப்பு தன் வேலையைச் செய்யும். ஆகவே சுவீகரிக்கும் முன் காப்புப்பிரதி எடுப்பது கட்டாயம்.

மெய்நிகர்ச் சேவையகத்தின் விடயம் வேறு. அதன் வன்தட்டு உண்மையில் ஒரு பெரிய கோப்புத்தான். எனவே பிரதிசெய்து கொண்டுபோகலாம். பழைய ஹைப்பர்வைசர் வி.எம்.வெயார், புதியது கே.வி.எம். எனக் கொள்வோம். முதலில் சேவையகத்தை நிறுத்தவேண்டும். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பைப் பிரதிசெய்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக முரண்பட்ட பிரதியே கிடைக்கும். அடுத்து அப்பிரதி கே.வி.எம். வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றப்பட்டு, தட்டுக்கும் வலையமைப்புக்குமான செலுத்தி மென்பொருள்கள் உட்புகுத்தப்படுகின்றன. பின்னர் கிளான்ஸில் ஏற்றி நோவாவின் மூலம் இயக்கலாம்.

இயங்கியும் பயனர்கள் அடைய முடியவில்லையா? பெரும்பாலும் முகவரி மாறியிருக்கும். பழைய ஐ.பி. முகவரியையும் வலையமைப்பு அட்டையின் முகவரியையும் நியூட்ரனில் முன்கூட்டியே நிருவாகி பதிவுசெய்து வைத்தால் இச்சிக்கல் எழாது.

பயிற்சி வினா: ஒரு நிறுவனத்தில் இரவு பகலாக இயங்கும் பௌதிகத் தரவுத்தளச் சேவையகம் ஒன்றும், வார இறுதியில் எவரும் பயன்படுத்தாத மெய்நிகர்க் கோப்புச் சேவையகம் ஒன்றும் உள்ளன. எதை எவ்வாறு முகிலின் கீழ்க் கொண்டுவருவீர்?

விடைக் குறிப்பு: முதலாவதற்குக் காப்புப்பிரதி எடுத்துச் சுவீகரித்தல், நிறுத்தத் தேவையில்லை. இரண்டாவதைச் சனிக்கிழமை நிறுத்தி, வட்டு விம்பமாக மாற்றி, அதே முகவரியுடன் மீள இயக்குதல். பழைய பிரதியைத் திங்கட்கிழமை பயனர்கள் சரிபார்க்கும்வரை அழிக்கலாகாது என்று எழுதியவருக்கு மேலதிகப் புள்ளி கொடுக்கலாம்.