இதயத்தில் 'மர்மர்'... பதற்றமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

காய்ச்சல் என்று குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், "லேசா ஒரு மர்மர் கேட்குதே..." என்கிறார். அவ்வளவுதான், பெற்றவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. "ஐயோ, இதயத்துல ஓட்டையா டாக்டர்?"

அவசரப்படாதீர்கள். மர்மர் என்பது ஒரு சத்தம். நோயின் பெயர் அல்ல. இதய வால்வுகள் மூடும்போது எழுவதுதான் 'லப்-டப்'. அதற்கு இடையில் ரத்தம் சுழித்து ஓடினால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் இரைச்சல்தான், பாறை இடுக்கில் தண்ணீர் புகுந்தாலும் இரைச்சல்தான் இல்லையா? இதயத்திலும் அப்படியே!

சாதுவான மர்மர்

நன்றாக ஓடியாடும் பல குழந்தைகளுக்கு மர்மர் கேட்பதுண்டு. காய்ச்சல், ரத்தசோகை, கர்ப்பம் போன்ற சமயங்களில் ரத்தம் வேகமாக ஓடுவதாலும் கேட்கும். இது 'வெள்ள' ரகம். மெல்லியதாக இருக்கும், படுத்தால், எழுந்தால் மாறும். இதயத்தில் கோளாறு இல்லாததால் மருந்தோ, விளையாட்டுக்குத் தடையோ தேவையில்லை.

எப்போது உஷார்?

* பால் குடிக்கும்போது குழந்தைக்கு மூச்சு வாங்குவது, வியர்த்துக் கொட்டுவது, எடை ஏறாமல் இருப்பது
* உதடு, நாக்கு நீலம் பாய்வது
* அடிக்கடி நிமோனியா
* பெரியவர்களுக்கு நடந்தால் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம், கால் வீக்கம்
* சத்தம் பலமாக இருப்பது அல்லது 'டப்'புக்குப் பிறகு கேட்பது (இதை டாக்டர் சொல்வார்)

இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் இதய டாக்டரைப் பாருங்கள். எக்கோ பரிசோதனையில் ஓட்டையா, வால்வு சுருக்கமா, கசிவா என்று தெரிந்துவிடும். ஊசி கிடையாது, வலி கிடையாது.

மறைக்காதீர்கள்!

சிறுவயதில் தொண்டைவலி வந்து, சில வாரங்களில் மூட்டு மூட்டாக வீங்கினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி போய்விடும். வால்வில் பட்ட காயம் தங்கிவிடும். இவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும் பென்சிலின் ஊசியைப் பாதியில் நிறுத்தவே கூடாது.

பெண் பிள்ளை என்றால், 'வெளியில தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்' என்று சிலர் மூடி மறைக்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. சுருங்கிய வால்வு அந்தச் சுமையைத் தாங்காமல் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் பலருக்கு பலூன் சிகிச்சையிலேயே வால்வை விரித்துவிட முடியும்.

எனவே டாக்டர் 'மர்மர்' என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இது சாதுவானதா? எக்கோ பார்க்கணுமா?" மறுபாதி ராத்திரித் தூக்கம் அதில் மிச்சமாகும்!