மலையகத் தமிழர்: ஒரு பெயராராய்ச்சி

மக்கட் குழுவொன்றுக்குப் பெயர் இருவகையான் அமையும்: பிறர் இடுவது ஒன்று, தாமே பூணுவது மற்றொன்று. ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய மலைச்சாரல்களில் வாழும் தோட்டத் தமிழர் இவ்விருவகைப் பெயர்களையும் பெற்றவராவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து, முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் வந்த இவர்களைத் துரைமார் 'கூலி' என்றனர். அவ்வாங்கில வழக்கின் மூலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தமிழிலோ கூலியென்பது உழைப்பின் பயன். திருக்குறளும் அப்பொருளிலேயே அதனை ஆளும். பயனைக் குறித்த சொல், தோட்டங்களில் ஆளைக் குறிக்கும் இழிசொல்லாயிற்று.

1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' என வேறாகக் கணக்கிட்டது. இந்தியா என்பது சிந்து நதியின் பெயர் பாரசீகர், கிரேக்கர் வாய்ப்பட்டுத் திரிந்த வடிவமாகும். காவிரிக்கரையும் வைகைக்கரையும் விட்டு வந்தோர் தாம் கண்டறியாத வடநதியொன்றாற் பெயர் பெற்றனர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவரென்றோ நிறுவுமாறு வேண்டியது. பிறப்புப் பதிவில்லாதோர் பலராதலின், 'நாடற்றவர்' என்னும் மூன்றாம் பெயர் வந்து சேர்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சமமாகப் பங்கிட்டன. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் குறையை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நீக்கின.

பண்டைத் தமிழிற் காட்டுக்கு மறுதலையாய், திருத்திப் பயிரிட்ட நிலமே நாடு எனப்பட்டது. அப்பொருள் கொண்டு நோக்குமிடத்து, ஊவாவின் காடுகளைத் திருத்தி நாடாக்கியோரே 'நாடற்றவர்' எனப் பெயர் பெற்றமை பெருமுரணாகும்.

1960களில் 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் பரவலாயிற்று. 'இந்தியத் தமிழர்' என்பது வந்த இடத்தைச் சுட்டும். 'மலையகத் தமிழர்' என்பது வாழும் இடத்தைச் சுட்டும். இதுவே அம்மக்கள் தாமே பூண்ட பெயர். மலை, அகம் என்னும் இரு சொற்களாலாயது அது. அகம் என்பதற்கு உள்ளிடம், உள்ளம், வீடு எனப் பல பொருளுண்டு. குடியுரிமை கிடைத்த பின்னரும், தமக்கெனக் காணியும் மனையுமின்றி லயன் அறைகளில் வாழ்வோர் இன்றும் பலர். வீடென்னும் பொருள் அவர்க்கும் வாய்க்கும் நாளிலேயே அப்பெயர் நிறைவுறும்.