ஒரத்துப்பாளையத்து உப்பு

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் ஆற்றை மறித்து நிற்கிறது ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதில் நின்றது திருப்பூர்ச் சாயக்கழிவு.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஊர் பதறியது. ஆய்வாளர்கள் துரத்தியதோ உப்பை. பருத்தி நூலில் சாயம் ஏற, தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள்; அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமைத் தாண்டும். நூல் சாயத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. அத்தனையும் கழிவோடு போகிறது. உப்பிலுள்ள குளோரைடை நுண்ணுயிர் தின்னாது, மண்ணும் பெரிதாக வடிகட்டாது. கழிவு போன வழியைக் கண்டுபிடிக்க இதைவிடத் தோதான தடயம் கிடைக்காது.

கழிவு நிலத்தடி நீரில் கலந்ததா என்று பார்க்க, கிணற்றின் போர் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகே மாதிரி பிடிப்பார்கள். மின்கடத்துத்திறன் மீட்டரை முக்கினால் கரைந்த உப்பு மொத்தமாக எவ்வளவு என்று அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும். ஆய்வகத்தில் பொட்டாசியம் குரோமேட் சில துளி விட்டு மஞ்சளாக்கி, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். வெள்ளையாகத் திரிந்துகொண்டே வரும்; குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் தட்டும். அதுவரை செலவான வெள்ளி நைட்ரேட்டை வைத்துக் குளோரைடைக் கணக்கிடலாம்.

சிக்கல் இனிமேல்தான். உப்புத் தண்ணி கொங்குநாட்டுக்குப் புதிதா என்ன? சாயப்பட்டறை வராத காலத்திலும் இங்கே பல கிணறுகள் உவர்தான். “பாறையோட உப்புங்க” என்று எவரும் கை கழுவிவிடலாம். அதனால் ஆற்றோட்டத்தில் திருப்பூருக்கு மேலேயும், ஆற்றை விட்டு விலகியும் இருக்கும் கிணறுகளையும் அளந்து ஒப்பிட வேண்டும். தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஓடுவதால் அடுத்தடுத்த தோட்டங்களிலேயே கணக்கு மாறும். நாலு கிணற்றை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சாயக்கழிவுக்கு எதிராக நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் இத்தகைய அளவுகள்தான் பேசின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியேற்றாதவர்களுக்கே மறுபடி திறக்க அனுமதி. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். கரண்டும் விறகும் செலவாகின்றன. எதற்கும் உதவாத கலப்பு உப்பு கடைசியில் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேர்கிறது. மழை படாமல் அதைக் காப்பது தனி வேலை.