கல்நாரும் முன்னாள் கடற்படையினரும்

அஸ்பெஸ்டஸ் எனும் கல்நாரைக் கூரைச் சீற்றாகவே நாம் அறிவோம். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் 1970கள் வரை கொதிகலன்களையும் குழாய்களையும் அதனாலேயே பொதிந்தார்கள். அந்தத் தூசைச் சுவாசித்த வீரர்கள் சிலருக்கு நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோய் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே. மூச்சிளைப்போடு வைத்தியரிடம் போகும் முதியவர் தமது பழைய வேலையைச் சொல்லாவிட்டால், நோய் பிடிபடப் பிந்திவிடும்.

படைச்சேவையில் தூசு பட்டதென நிறுவினால், முன்னாள் படைவீரர் திணைக்களம் சிகிச்சையும் மாதக் கொடுப்பனவும் வழங்குகிறது. சத்திரசிகிச்சையால் அகற்ற முடியாத நோய்க்கு 2020இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் மருந்துச் சோடி அங்கு அனுமதிக்கப்பட்டது. இவை ஆயுளை நீட்டுகின்றன. நோயை ஒழிப்பது அரிது.

இன்னொரு வழி, ஆய்வுச் சிகிச்சையிற் சேர்வது. 'எங்களை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களோ?' என்ற பயம் நியாயமானதே. ஆனால் முழு விளக்கமும் கேட்டபின்பே ஒப்பமிடலாம். இடையில் விலகினாலும் வழமையான சிகிச்சை நிற்காது. இத்தகைய ஆய்வு ஏன் தேவை? பிரித்தானியாவில் 335 நோயாளர் பங்குபற்றிய ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. மருந்தோடு பெரிய சத்திரசிகிச்சையும் பெற்றவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தனர். நல்லதென நம்பி வைத்தியர்கள் பல ஆண்டுகள் செய்துவந்த சத்திரசிகிச்சை அது.